கரிசல் வெயிலும் கடல் மணலும்

புதூர்க் கரிசற்காட்டில் உச்சிப்போதில் களைபறிக்கும் பெண்மக்களுக்கு முந்தானையே குடை. சூரியனது புற ஊதாக் கிரணங்களோ சருமத்தின் உயிரணுக்களுட் புகுந்து மரபணுப் பொருளைச் சிதைக்கின்றன. இதனைத் தடுக்க விஞ்ஞானிகள் கண்ட உபாயம் ஒன்றுண்டு. டைட்டானியம் டை ஆக்ஸைடை 100 நானோமீட்டரினும் சிறிய துகள்களாக்கிக் களிம்பிற் சேர்த்துப் பூசினால், அவை அக்கிரணங்களை உறிஞ்சியும் சிதறடித்தும் காக்கும். வெயில் பட்ட துகளே தீங்கு விளைக்கவும் கூடுமாதலின், அதற்கு அலுமினா, சிலிக்கா முதலியவற்றால் கவசமிடுகின்றனர்.

இத்துகளுக்கு மூலமான இல்மனைட், நமது மணவாளக்குறிச்சிக் கடல் மணலிலேயே கிடைக்கிறது. மத்திய சர்க்காரின் ஸ்தாபனம் அதனைப் பிரித்தெடுக்கிறது. மணல் நம்முடையது, களிம்போ நகரத்தார் அலங்காரப் பண்டம்! கருநிறம் ஓரளவே காக்கும். கண்ணைக் களிம்பும் காவாது. ஆதலின், உழைப்போருக்கு மலிவு விலையில் களிம்பும், வயலில் நிழற்பந்தலும், உச்சிப்போதில் ஓய்வும் அளிப்பது சர்க்காரின் கடமை. அதனைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.