கைவிடப்பட்ட கருவியும் திறந்த நிரலும்: வன்னி மாணவருக்கு ஒரு லினக்ஸ் பாடம்

வன்னிப் பெருநிலப்பரப்பின் பாடசாலைகளிலும், கோவில், பள்ளிவாசல், தேவாலய மண்டபங்களில் நடைபெறும் வகுப்புகளிலும் அன்பளிப்பாக வந்த பழைய கணினிகளைக் காண்பது புதுமையன்று. அவற்றுடன் வந்த துணைக்கருவிகள் அலுமாரியில் முடங்கிக் கிடப்பதும் புதுமையன்று. அக்கருவிகளுட் பல பழுதடைந்தவை அல்ல. அவற்றைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் மென்பொருள் கிடைக்காமையே அவை முடங்கியதற்குக் காரணமாகும்.

விண்டோஸ் 10 பணிசெயல் முறைமைக்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஐ ஏற்க முடியாத பழைய கணினிகளை வைத்திருப்போருக்கு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஒரு நல்ல மாற்றுவழியாகும். ஆனால் லினக்ஸை நிறுவியபின் எழும் முதற் கேள்வி, "என்னிடமுள்ள கருவி இதில் வேலை செய்யுமா?" என்பதே. இக்கேள்விக்கான விடை எவ்வாறு உருவாகின்றது என்பதை ஒரு சிறிய கருவியின் கதையைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம்.

மின்கம்பியே வலையமைப்பு

வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்கம்பி வழியாகவே கணினித் தரவுகளை அனுப்பும் முறை 'பவர்லைன்' எனப்படுகின்றது. நமது மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைவது. அதே கம்பியில் ஏறத்தாழ 45 இலட்சம் முதல் 2 கோடியே 10 இலட்சம் வரையான அலைவுகளைக் கொண்ட மெல்லிய சமிக்ஞைகளை ஏற்றி, மறுமுனையில் அவற்றை வடித்தெடுப்பதே இதன் தத்துவம். ஒரு அடப்டர் ரவுட்டருக்கு அருகிலும் மற்றையது கணினி உள்ள அறையிலும் பிளக் பொயின்ட்டில் செருகப்படும். புதிய கம்பி இழுக்கவோ சுவரைத் துளையிடவோ வேண்டியதில்லை.

இதற்கென 2001 இல் வெளியான 'ஹோம்பிளக் 1.0' நியமத்தின் உச்ச வேகம் செக்கனுக்கு 14 மெகாபிட். 2005 இல் வந்த 'ஹோம்பிளக் ஏ.வி.' இதனை 200 மெகாபிட்டாக உயர்த்தியது. இவை ஏட்டளவிலான வேகங்களேயன்றி, நடைமுறையில் கிடைப்பது இதனிலும் குறைவு. சமிக்ஞை அயல்வீட்டுக்கும் கசியக்கூடும் என்பதால், அடப்டருடன் வரும் பொதுவான கடவுச்சொல்லை மாற்றிக்கொள்வது அவசியமாகும்.

ஆரம்பகால அடப்டர்களிற் சில யூ.எஸ்.பி. வழியாகக் கணினியுடன் இணைந்தன. அமெரிக்காவின் இன்டெலோன் நிறுவனம் தயாரித்த சில்லுகள் இவ்வகைக் கருவிகளிற் பயன்பட்டன. இவற்றை லினக்ஸில் இயங்கச் செய்யும் 'ஐ.என்.டி.51எக்ஸ்1' என்னும் திறந்த நிரலே இக்கட்டுரையின் நாயகன்.

செலுத்தி என்பது யாது?

கருவிக்கும் பணிசெயல் முறைமைக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் நிரலே 'டிரைவர்' எனப்படும் செலுத்தி. யூ.எஸ்.பி. கருவி ஒவ்வொன்றும் செருகப்பட்டவுடன் இரண்டு எண்களைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்துகின்றது. ஒன்று உற்பத்தியாளரைக் குறிப்பது, மற்றையது பொருளைக் குறிப்பது. லினக்ஸின் 'எல்.எஸ்.யூ.எஸ்.பி.' கட்டளை இவ்வெண்களைத் திரையில் காட்டும். அவற்றைத் தனக்குரியவை என ஏற்கும் செலுத்தி எதுவும் இல்லையெனின், கருவி வாசலில் நிற்கும் அந்நியனாகவே இருந்துவிடும்.

செலுத்தி எழுதுவது மேதைகளுக்கு மட்டுமே உரிய வேலை என்ற எண்ணம் பரவலாக உண்டு. யூ.எஸ்.பி. வலையமைப்புக் கருவிகளைப் பொறுத்தவரை அது சரியன்று. இவை அனைத்துக்கும் பொதுவான வேலைகளை 'யூ.எஸ்.பி.நெட்' என்னும் பகுதி லினக்ஸின் கருவுக்குள்ளேயே செய்து வைத்திருக்கின்றது. புதிய செலுத்தியை எழுதுபவர் தமது கருவி எங்கெங்கு வேறுபடுகின்றது என்பதை மாத்திரம் எழுதினாற் போதும். இதனாலேயே மேற்கூறிய செலுத்தி சில நூறு வரிகளைக் கொண்ட ஒரேயொரு கோப்பில் அடங்கிவிட்டது.

அந்த வேறுபாடுகள் எத்தகையவை? தரவுப் பொதியொன்றைக் கருவிக்கு அனுப்பும்போது அதன் முன்னால் நீளத்தைக் குறிக்கும் 2 பைட் சேர்க்கப்பட வேண்டும். கருவியிடமிருந்து பொதி வரும்போதோ, நீளம் இறுதி 2 பைட்டுகளில் இருக்கும். அனுப்பும் மூடையின் வாயில் துண்டைக் கட்டவேண்டும், வரும் மூடையின் அடியில் துண்டைத் தேடவேண்டும் என்பது போன்றது இது. இதனை அறியாதவர் எழுதும் செலுத்தி, கருவியைக் கண்டுகொள்ளும். ஆனால் தரவு ஒழுங்காக வந்து சேராது.

இரண்டாவது நுட்பம் இன்னும் சுவையானது. இக்கருவிக்கு யூ.எஸ்.பி. வழியே தரவு 64 பைட் கொண்ட துண்டுகளாகச் செல்கின்றது. 64 இலும் குறைந்த துண்டு வந்தால், பொதி முடிந்தது எனக் கருவி அறிந்துகொள்ளும். பெட்டி பூட்டிய உழவு இயந்திரங்களில் நெல் மூடைகள் ஆலைக்குச் செல்வதாகக் கொள்வோம். பெட்டி நிரம்பாமல் ஒன்று வந்தால், அதுவே கடைசி என ஆலைக்காரர் அறிவார். கடைசிப் பெட்டியும் முற்றாக நிரம்பியிருந்தால், இன்னும் வரும் என அவர் காத்திருப்பார். ஆகவே பொதியின் நீளம் 64 இன் மடங்காக அமையும் சந்தர்ப்பங்களில் செலுத்தி வேண்டுமென்றே ஒரு பைட்டை மேலதிகமாகச் சேர்க்கின்றது. இவ்வாறான ஒற்றை பைட்டுகளிலேயே செலுத்தி எழுதுபவரின் பொறுமை சோதிக்கப்படுகின்றது.

இத்தகவல்களைப் பெற இரு வழிகள் உள்ளன. சில்லின் தரவேடு கிடைத்தால் அதனைப் படிக்கலாம். கிடைக்காவிடின், கருவி ஏற்கெனவே இயங்கும் கணினியில் போய்வரும் பைட்டுகளைப் பதிவுசெய்து, அவற்றின் ஒழுங்கைக் கண்டறியலாம். லினக்ஸில் 'யூ.எஸ்.பி.மொன்' என்னும் வசதி இதற்கெனவே உள்ளது. செலுத்தியில் நேரும் பிழை முழுக் கணினியையும் உறையச் செய்யக்கூடும் என்பதால், பரீட்சார்த்த வேலைகளை உபரிக் கணினியொன்றில் செய்வதே உசிதம்.

திறந்திருப்பதன் பயன்

இந்நிரலின் முகப்பில் 2009 என்ற ஆண்டு காணப்படுகின்றது. வன்னி மக்கள் தமது வீடுகளையும் பாடசாலைகளையும் இழந்து செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டிருந்த ஆண்டு அது. அதே ஆண்டு இன்டெலோன் நிறுவனத்தை அதெரோஸ் நிறுவனம் வாங்கியது. 2011 இல் அதெரோஸ் குவால்கொம் நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஹோம்பிளக் நியமத்தை வளர்த்த கூட்டமைப்பும் 2016 இல் கலைக்கப்பட்டது. ஆயினும் அச்செலுத்தி லினக்ஸின் 6 ஆம் வரிசைப் பதிப்புகளிலும் இடம்பெற்றது.

இதற்குக் காரணம் லினக்ஸ் சமூகத்தின் ஒரு வழக்கமாகும். ஒரு செலுத்தி கருவுடன் சேர்க்கப்பட்டுவிட்டால், கருவின் உள்ளமைப்பை மாற்றுபவரே அம்மாற்றத்துக்கேற்ப அச்செலுத்தியையும் திருத்த வேண்டும். நிறுவனம் மூடப்பட்டாலும் இறுவட்டு தொலைந்தாலும் நிரல் அழிவதில்லை. அதனைப் பயன்படுத்துவோரும் கவனிப்போரும் இருக்கும்வரை அது நிலைக்கும். மூலநிரல் மூடப்பட்ட செலுத்தியோ, உற்பத்தியாளரின் ஆர்வம் முடியும் நாளிலேயே முதுமையடையத் தொடங்குகின்றது. புதிய கருவி வாங்கும் வசதி குறைந்த சமூகத்துக்கு இவ்வேறுபாடு வெறும் தத்துவ விவாதமன்று.

இலங்கையர் இத்துறைக்குப் புதியவர்களும் அல்லர். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவு உள்ளிட்ட கரையோரங்களைச் சிதைத்தபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பணிகளையும் பதிவுசெய்வதற்காக இந்நாட்டுத் தொண்டர்கள் 'சஹானா' என்னும் திறந்த மூல மென்பொருளை உருவாக்கினர். 2005 இல் பாகிஸ்தானில் நிகழ்ந்த பூகம்பத்தின் பின்னரும் அது பயன்பட்டது. 2006 ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன்பாட்டு விருதும் அதற்குக் கிடைத்தது.

செய்யக்கூடியவை

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இயங்குகின்றது. 2021 ஒகஸ்ட் 1 ஆம் திகதி முதல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்துள்ளது. ஆதரவற்றுக் கிடக்கும் கருவியொன்றுக்கு லினக்ஸ் செலுத்தி எழுதுவதை இவற்றின் மாணவர் தமது ஆய்வுச் செயற்றிட்டமாக ஏற்கலாம். திருத்தங்கள் மின்னஞ்சல் வழியே பகிரங்கமாக அனுப்பப்படுகின்றன. அனுப்பியவர் எந்த ஊரவர் என்று எவரும் கேட்பதில்லை, நிரல் சரியாக உள்ளதா என்பதே பார்க்கப்படும். கடுமையான விமர்சனமும் வரும். அதனைத் தாங்கித் திருத்தி மீண்டும் அனுப்புவதும் கல்வியின் ஒரு பகுதியே.

பாடசாலைகள் செய்யக்கூடியது இதனிலும் இலகு. அலுமாரியில் உள்ள கருவிகளை ஒவ்வொன்றாக லினக்ஸ் கணினியில் செருகி, அவை கூறும் இரண்டு எண்களையும் ஒரு கொப்பியில் குறித்துவைக்கலாம். அவற்றுட் சில புதிதாக எதுவும் எழுதாமலேயே இயங்கத் தொடங்கக்கூடும். இயங்காதவற்றின் பட்டியலைப் பல்கலைக்கழக மாணவரிடம் கையளித்தால், அவர்கள் எங்கிருந்து தொடங்குவது எனத் தேடி அலைய வேண்டியிராது.