பலர் கூடி வரைந்த படம்

ஹைட்டி நாட்டின் தலைநகரான போர்ட்-ஓ-பிரின்ஸை 2010 ஜனவரி 12 அன்று மாலையில் பூகம்பம் தகர்த்தபோது, அந்நிய தேசங்களிலிருந்து விரைந்து வந்த மீட்புக் குழுவினருக்கு, மருந்துக்கும் தண்ணீருக்கும் அடுத்தபடியாக அத்தியாவசியமாயிருந்தது அந்நகரத்தின் வரைபடமே. எந்தத் தெரு எங்கே போய்ச் சேரும் என்று அறியாதவன் கையிலுள்ள மருந்து நோயாளியைச் சென்றடைய மார்க்கமில்லை. ஸ்டீவ் கோஸ்ட் என்ற ஆங்கிலேயர் 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுப் படத்திலோ, அன்றைய தினம் அந்நகரின் பிரதான சாலைகள் சிலவே காணப்பட்டன.

ஆயினும் செயற்கைக்கோள் நிறுவனங்கள் தாம் எடுத்த புகைப்படங்களை விலையின்றி அளிக்க, பல தேசங்களில் தத்தம் வீட்டுக் கணினியின் முன் அமர்ந்த நூற்றுக்கணக்கான தன்னார்வலர், ஒருவர் முகத்தை ஒருவர் கண்டிராதவர்களாயினும், அப்புகைப்படங்களின்மீது தெருவும் சந்துமாகக் கோடிழுத்து, இடிந்த கட்டடங்களையும் வீடிழந்தோர் தங்கிய கூடாரங்களையும் குறித்து, சில தினங்களுக்குள் விரிவான ஒரு நகரப் படத்தைச் சிருஷ்டித்துவிட்டனர். மீட்புக் குழுவினர் அதைத் தம் ஜி.பி.எஸ். கருவிகளில் ஏற்றிக்கொண்டு தெருவில் இறங்கினர்.

இதைப் புகழ்வோர் தன்னார்வலரின் தயையையே பெரிதும் பேசுகின்றனர். தயை மெய்யானதுதான், ஆனால் தயையுள்ளோர் நூறு பேர் ஒரே காகிதத்தில் ஏககாலத்தில் எழுதினால் கிறுக்கலே மிஞ்சும். இங்கே கிறுக்கல் விளையாமற்போனதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வடிவமைப்பே காரணம் என்பது என் அபிப்பிராயம். பூமியின்மேல் ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்க்கும் ஒரு கோடு, அது இன்னதென்று சொல்லும் ஒரு குறிச்சொல் என்ற மிக எளிய இலக்கணத்தின்மேல் அது எழுப்பப்பட்டிருந்ததால், புதிதாய் வந்தவரும் சொற்ப நேரத்தில் பழகிக்கொண்டார். குறிச்சொற்களை எவரும் புதிதாய் ஆக்கலாம் என்று விட்டிருந்ததால், இடிந்த கட்டடத்துக்கு எவரிடமும் அனுமதி கேளாமல் ஓர் அடையாளம் பிறந்தது. ஒவ்வொரு மாற்றத்தின் சரித்திரமும் பத்திரமாய் இருந்ததால், ஒருவர் செய்த பிழையை மற்றொருவர் நீக்க முடிந்தது. விவரம் வேறு, அதைத் தீட்டும் முறை வேறு என்று பிரித்து வைத்திருந்ததனால், அதே விவரத்திலிருந்து வைத்தியருக்கு ஒரு படமும் லாரி ஓட்டுநருக்கு வேறொரு படமும் ஆக்கலாம். வர்ணத்தையும் அலங்காரத்தையும் மட்டுமே வடிவமைப்பென்று கருதுவோர் இதைச் சற்று நிதானித்து நோக்கவேண்டும்.

எனினும் வானத்திலிருந்து கூரைதான் தெரியும். தெருவின் பெயர் தெரியாது. பெயரைச் சொல்லவேண்டியவர் அவ்வூரார். அவ்வாண்டிலேயே முறையான ஸ்தாபனமாகப் பதிவுபெற்ற, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் மனிதாபிமானக் குழு இதை உணர்ந்தே ஹைட்டிக்குச் சென்று, உள்ளூர் ஜனங்களுக்கு அப்படத்தைத் தாமே வரையவும் திருத்தவும் பயிற்சியளித்தது. அந்தப் பிரயாணத்தை, முதல் வாரத்து அதிவேக வேலையைக் காட்டிலும் நான் உயர்வாக மதிக்கிறேன்.