டெண்டரில் யார் நுழையலாம்? பேரூர் கடல்நீர் ஆலையை முன்வைத்துச் சில சந்தேகங்கள்

கோவளம் தாண்டி மாமல்லபுரம் நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் நெம்மேலியின் இரண்டு கடல்நீர் ஆலைகளைப் பார்த்திருப்பார்கள். நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் முதல் ஆலை 2013-இல் வந்தது. 15 கோடி லிட்டர் ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இரண்டையும் சேர்த்தாலும் அவற்றைவிடப் பெரியது, அடுத்த பேரூரில் 40 கோடி லிட்டருக்குத் திட்டமிடப்பட்ட ஆலை. அதன் மதிப்பு 4,276 கோடி ரூபாய். இந்த வேலை யாருக்குப் போனது என்பது செய்தியாக வந்துவிட்டது. எப்படிப் போனது என்பதில்தான் மக்களுக்குச் சந்தேகம் அதிகம்.

குறைந்த விலை கேட்டவருக்குக் கொடுத்துவிட்டுப் போகலாமே, முன்தகுதி என்று ஒன்று எதற்கு?

குறைந்த விலைக்குத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் எல்லோருடைய விலையையும் பார்ப்பதில்லை. பெரிய வேலைகளில் இரண்டு உறைகள். முதல் உறையில் நிறுவனத்தின் வரலாறு இருக்கும்: இதுபோன்ற வேலையை எங்கே செய்தது, ஆண்டு வருவாய் எவ்வளவு, கையில் எத்தனை வேலை நிலுவையில் இருக்கிறது, வழக்குகள் உண்டா. இதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே பிரிப்பார்கள். தேறாதவர் எவ்வளவு மலிவாகக் கேட்டிருந்தாலும் அந்த உறை மூடியபடியே திரும்பிவிடும்.

கடல்நீர் ஆலைக்கு இது கட்டாயம். காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு அழுத்தத்தில் கடல்நீரைச் சவ்வுகளுக்குள் செலுத்துகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் கலங்கி வரும் வண்டலும், சில பருவங்களில் பெருகும் பாசியும் முன்சுத்திகரிப்பைத் தாண்டிவிட்டால் சவ்வுகள் அடைத்துக்கொள்ளும். கட்டடம் கட்டத் தெரிந்தவர் எல்லோரும் இதன் கட்டடப் பகுதியைக் கட்டிவிட முடியும். மழைக்காலத்திலும் நிற்காமல் ஓட்டுவதற்கு வேறு அனுபவம் வேண்டும்.

அந்த நிபந்தனைகளை ஒரு கம்பெனியை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள் என்கிறார்களே?

எழுத முடியும் என்பதால்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2002-இல் மத்திய அரசுப் பணிகளுக்கு ஓர் அளவுகோல் தந்தது. மதிப்பீட்டில் 40 சதவீத அளவுக்கு ஒத்த வேலைகள் மூன்று, அல்லது 50 சதவீத அளவுக்கு இரண்டு, அல்லது 80 சதவீத அளவுக்கு ஒன்று முடித்திருந்தால் போதும். சராசரி ஆண்டு வருவாய் மதிப்பீட்டில் 30 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது 10 கோடி ரூபாய் வேலைக்கு, 4 கோடிக்கு மூன்று வேலை செய்தவரும் வரலாம், 8 கோடிக்கு ஒன்று செய்தவரும் வரலாம். 10 கோடி வேலைக்கு 25 கோடி அனுபவம் கேட்டிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

இதைவிட நுட்பமான வழிகளும் உண்டு. ஒத்த வேலை என்பதற்கு விளக்கம் எழுதும்போது, ஒரே ஒருவர் மட்டும் பயன்படுத்தும் தொழில்நுட்பத்தின் பெயரைச் சேர்த்துவிடலாம். வேலை முடித்த ஆண்டுக் கணக்கை ஒருவருக்குச் சாதகமாக நிறுத்தலாம். விலை கேட்பதற்கு முந்தைய கூட்டத்தில் நிறுவனங்கள் எழுப்பிய கேள்விகளும் துறை தந்த பதில்களும் டெண்டர் ஆவணத்தோடு இருக்கும். அதைப் படித்தால் எந்த நிபந்தனை யாருக்கு உறுத்தியது என்று தெரிந்துவிடும். யாரும் அதைப் படிப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

நம் ஊர் ஒப்பந்ததாரர்களுக்கு இடமே இல்லையா?

பேரூர் ஆலை போன்ற வேலையில் நேரடியாக இல்லை. பொதுப்பணித் துறையில் எந்த வகுப்பில் பதிவு செய்திருந்தாலும் அது வேறு, இந்த முன்தகுதி வேறு. உலகத்திலேயே இந்த அளவு ஆலை கட்டியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அதனால் கூட்டாக வருகிறார்கள். நெம்மேலியின் 15 கோடி லிட்டர் ஆலையை ஸ்பெயினின் கோப்ராவும் அமீரகத்தின் டெக்டானும் சேர்ந்து எடுத்தன. பேரூரைச் சென்னையின் வாபாக்கும் அமீரகத்தின் மெடிட்டோவும் எடுத்திருக்கின்றன. உள்ளூர்க்காரர்கள் துணை ஒப்பந்தத்தில்தான் வருவார்கள்: மண் வேலை, மதில், சாலை.

கூட்டு என்றால் என் கண் முதலில் ஒரு நிபந்தனையைத்தான் தேடும். அனுபவச் சான்றிதழைக் கொண்டுவருபவர் பெயருக்கு ஒரு பங்கு வைத்துக்கொண்டு, வேலை தொடங்கியதும் விலகிவிடக் கூடாது. முழு வேலைக்கும் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா, அவர் வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சப் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். இது தளர்வாக இருந்தால் முன்தகுதி முழுவதும் காகிதம்தான்.

பேரூருக்கு 2018-இல் கடன் கிடைத்தது, 2023-இல்தான் அடிக்கல். நடுவில் என்ன செய்தார்கள்?

ஜப்பானின் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமையான ஜைக்காவோடு 3,000 கோடி யென்னுக்கு 2018 மார்ச்சில் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடிக்கல் 2023 ஆகஸ்டில். இடையில் கொரோனாவும் வந்தது. ஆனால் தாமதம் முழுவதையும் அதன் தலையில் போட வேண்டாம். இத்தகைய கடனில் முதலில் ஆலோசகரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு முன்தகுதி ஆவணம், அதன் முடிவு, டெண்டர் ஆவணம், தொழில்நுட்ப மதிப்பீடு, இறுதி ஒப்பந்தம் என்று வரிசையாகப் போகும். பெரிய வேலை என்றால் இந்தப் படிகளுக்குக் கடன் கொடுத்தவரின் ஒப்புதலும் வேண்டும். எந்தப் படிக்கு எத்தனை மாதம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் கொள்முதல் திட்டம்.

அந்தத் திட்டத்தில் இன்னொரு பகுதியும் உண்டு: எதெது ஒரே நேரத்தில் முடிய வேண்டும் என்பது. பேரூர் நீர் சுமார் 59 கிலோமீட்டர் குழாயில் போரூர் வரை போக வேண்டும். ஆலை தயாராகிக் குழாய் தயாராகாவிட்டால் நல்ல நீரைக் கடலிலேயே திருப்பி விட வேண்டியதுதான்.

நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், கிளாம்பாக்கம் என்றால் போதும். 393 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்ட பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-இல் திறந்தது. அன்றைக்கு அங்கே ரயில் நிலையமும் இல்லை, ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க ஆகாய நடைபாதையும் இல்லை. முனையம் ஒரு வேலை, ரயில் நிலையம் தெற்கு ரயில்வேயின் வேலை, நடைபாதை தனி வேலை. ஒவ்வொன்றுக்கும் தனி டெண்டர், தனி நாள்காட்டி. பெட்டியும் குழந்தையுமாகச் சாலையைக் கடந்தவர்கள் அதற்கான விலையைக் கொடுத்தார்கள்.

முன்தகுதி பெற்று வேலையும் எடுத்த நிறுவனம் பிறகு நொடித்துப்போனால்?

இந்தக் கேள்விதான் முக்கியமானது. விடையை நம் கடற்கரையில் தேட வேண்டாம், வடக்கே மீஞ்சூரில் இருக்கிறது. அங்குள்ள 10 கோடி லிட்டர் ஆலைக்கு 2005-இல் ஒப்பந்தம் போட்டு, 2010 ஜூலையில் திறந்தார்கள். எடுத்தவர்கள் ஹைதராபாத்தின் ஐ.வி.ஆர்.சி.எல்., ஸ்பெயினின் பெஃபேசா. அன்று இரண்டுமே எந்த முன்தகுதிப் பட்டியலிலும் முதல் வரிசையில் இருந்திருக்கும். பெஃபேசாவின் அன்றைய தாய் நிறுவனமான அபெங்கோவா 2015-இல் கடன்காரர்களிடமிருந்து சட்டப் பாதுகாப்புக் கேட்டது. ஐ.வி.ஆர்.சி.எல். 2018-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது.

முன்தகுதி என்பது ஒரு நிறுவனத்தின் நேற்றைய நிலையை இன்று பார்ப்பது. 25 ஆண்டு ஒப்பந்தத்தில் பன்னிரண்டாவது ஆண்டில் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. அதைக் காக்க வேண்டியது ஒப்பந்தத்தின் அமைப்பு. மீஞ்சூரில் நிறுவனமே முதலீடு செய்து, கட்டி, 25 ஆண்டு நடத்தி, சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு நீரை விற்கும் ஏற்பாடு. ஆரம்பத்தில் ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. தாய் நிறுவனங்கள் தள்ளாடியபோதும், ஆலைக்கென்று தனியாக ஒரு நிறுவனம் இருந்ததால் ஆலையின் கணக்கு தனியாக நின்றது.

நெம்மேலியில் வாரியம் வேறு வழிக்குப் போனது. பணமும் ஆலையும் வாரியத்தினுடையது. வடிவமைப்பதும் கட்டுவதும் ஓட்டுவதும் ஒப்பந்ததாரர். முதல் நெம்மேலி ஆலைக்கு ஓட்டும் காலம் 7 ஆண்டு. பிந்தைய நெம்மேலி ஆலைக்கும் பேரூருக்கும் 20 ஆண்டு. காரணம் எளிது: 20 ஆண்டு தானே ஓட்ட வேண்டியவர் மலிவான பம்பைப் பொருத்திவிட்டுப் போக மாட்டார். ஆனால் அந்த 20 ஆண்டுகளில் நிறுவனத்தின் நிதிநிலையை ஆண்டுதோறும் பார்ப்பதும், வங்கி உத்தரவாதம் காலாவதியாகாமல் புதுப்பிக்க வைப்பதும் வாரியத்தின் வேலை. டெண்டர் முடிந்த பிறகு அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

யாருமே வராவிட்டால்?

அதற்கும் உள்ளூரிலேயே எடுத்துக்காட்டு உண்டு. செங்கல்பட்டு திருமணியில் கட்டிய தடுப்பூசி வளாகத்தை நடத்த 2021-இல் மத்திய அரசு தனியாரிடம் விருப்பம் கேட்டது. காலக்கெடுவை நீட்டித்தும் யாரும் வரவில்லை. ஆவணத்தை வெளியிடுவதற்கு முன் சந்தையில் யார் இருக்கிறார்கள், எந்த நிபந்தனையில் வருவார்கள் என்று விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

சாதாரண ஆள் இதையெல்லாம் எங்கே பார்ப்பது?

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, விதிகள் 2000-இல். இதன்படி 2 கோடி ரூபாய் வரையுள்ள வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேலதிகாரி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அறிவிப்பும் நிபந்தனைகளும் அரசின் டெண்டர் இணையதளத்தில் இருக்கும், பதிவிறக்கிப் படிக்கலாம். மதிப்பீடு நடக்கும்போது விவரம் கிடைக்காது, அது ரகசியம். முடிவான பிறகு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒப்பீட்டு அறிக்கையைக் கேட்கலாம். சட்டப்படி அரசிடம் மேல்முறையீடு செய்யும் உரிமை டெண்டரில் கலந்துகொண்டவருக்கே, அதுவும் உத்தரவு கிடைத்த 10 நாளுக்குள். மற்றவர்கள் ஆட்சேபிக்க நினைத்தால் நிபந்தனை வெளியான அந்த 15 அல்லது 30 நாளிலேயே துறைக்கு எழுதுங்கள், ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.