பாய்மரத்துக்குள் ஒரு பேட்டரி!

பாய்மரப் படகு என்றதும் காற்றில் உப்பிய வெள்ளைப் பாய்தான் கண்ணில் வரும். இன்று நான் உங்களைக் கூட்டிப்போவது அந்தப் பாய்க்குப் பின்னால். படகுப் பட்டறையில் பாய்மரத்தை இறக்கி, இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் படுக்க வைத்திருக்கிறார்கள். பேர்தான் பாய்மரம், தட்டினால் ‘டங்’ என்கிறது. முழுக்க அலுமினியக் குழாய்! அண்ணாந்து அண்ணாந்து பார்த்த உச்சி இப்போது என் இடுப்பு உயரத்தில் கிடக்கிறது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“இங்க தடவிப் பாருங்க” என்றார் பட்டறை அண்ணன். பக்கவாட்டுக் கம்பியைப் பிடிக்கும் தகட்டைச் சுற்றிப் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒன்றை நெம்பினார். கோலமாவு மாதிரி வெள்ளைப் பொடி கொட்டியது. அலுமினியம் அரித்துப்போன பொடி! ஆனால் நடுவில் இருந்த ஸ்க்ரூ நேற்று வாங்கியதுபோல் மின்னிக்கொண்டிருந்தது. அது எவர்சில்வர்.

அலுமினியமும் எவர்சில்வரும் ஒட்டி உட்கார்ந்து, மேலே உப்புத் தண்ணீரும் பட்டால் அங்கே ஒரு பேட்டரி பிறந்துவிடுகிறது. கடல்நீரில் இரண்டுக்கும் சுமார் 0.7 வோல்ட் வித்தியாசம்; டார்ச்சில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியில் கிட்டத்தட்டப் பாதி! இதற்கு சுவிட்ச் கிடையாது. ஈரம் இருக்கும்வரை ஓடும், அலுமினியம் கரைந்துகொண்டே இருக்கும். எவர்சில்வர் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்து, அலுமினியத் தாள் குழம்பில் படும்படி மூடி ராத்திரி விட்டுப் பாருங்கள். காலையில் தாளில் பொத்தல் விழுந்திருக்கும். அதே சங்கதிதான்.

அந்தப் பொடிக்கு இன்னொரு குணம் உண்டு. கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஓட்டைக்குள் உப்பி, ஸ்க்ரூவை இறுக்கிப் பிடித்துவிடும். முரட்டுத்தனமாகத் திருகினால் தலை முறிந்து கையோடு வரும். அண்ணன் சூடு காட்டினார், எண்ணெய் விட்டார், காத்திருந்தார், மறுபடியும் சூடு. கடைசியில் ‘கிர்ர்’ரென்று அது அசைந்தபோது பட்டறையே கை தட்டியது!

அலுமினிய ஸ்க்ரூவே போட்டுவிட்டால் என்ன? காற்று இழுக்கும் இழுப்புக்கு அது தாங்காது. ஆக இரண்டும் சேர்ந்துதான் வாழ வேண்டும், தொட்டுக்கொள்ளாமல். அதற்கான வித்தை ஆச்சரியமாக எளிது. ஓட்டையைச் சுத்தம் செய்து, ஸ்க்ரூவின் புரி முழுக்க மஞ்சள் பசை தடவினார். டியூராலாக் என்று பேர். பேரியம் குரோமேட் கலந்தது, விஷம், கையுறை கட்டாயம். பக்கத்தில் வெள்ளை டப்பாவில் டெஃப்-ஜெல். ஒட்டாத தோசைக்கல்லில் பூசியிருக்கிறதே, அதே டெஃப்லானின் பொடி கலந்த களிம்பு! தகட்டுக்கு அடியில் அளவாக வெட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள். பிறகு முடுக்கினார். ஓரத்தில் பசை மெல்லிய கோடாகப் பிதுங்கியது, போளியை அமுக்கினால் பூரணம் எட்டிப்பார்ப்பதுபோல.

அடுத்த ஓட்டைக்குக் குறி போட ஆர்வமாகப் பென்சிலை நீட்டினேன். “ஐயோ, பென்சில் வேண்டாம்!” அதன் கருப்பு கிராஃபைட். ஈரம் பட்டால் அதுவும் அலுமினியத்தைத் தின்னும் கட்சி. விமான மெக்கானிக்குகளும் அலுமினியத்தில் பென்சிலால் எழுதமாட்டார்களாம். எனக்குப் புல்லரித்துவிட்டது.

இரண்டு உலோகங்களைத் தொடவிடக் கூடாது என்ற இந்தப் பாடத்தை மனிதன் கற்ற கதை அதைவிட அழகு. 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை, மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்குப் பயந்து, ‘அலார்ம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்குச் செப்புத் தகடு போர்த்தியது. அடித்தவை இரும்பு ஆணிகள். 1763-ல் பார்த்தால் ஆணிகள் பல அரித்துப்போய்த் தகடுகள் கழன்றிருந்தன. சில ஆணிகள் மட்டும் அப்படியே இருந்தன! தகடு சுற்றிவந்த பழுப்புக் காகிதத்தைச் சில இடங்களில் உரிக்காமலே அடித்திருந்தார்கள். அது செம்புக்கும் இரும்புக்கும் நடுவே நின்று காப்பாற்றியிருக்கிறது. வெறும் காகிதம்! பேட்டரி என்ற பேச்சே அப்போது இல்லை; விஞ்ஞானி வோல்டா தன் பேட்டரியை உலகுக்கு அறிவித்தது 1800-ல்தான். இன்று அண்ணன் வெட்டிவைத்த பிளாஸ்டிக் தாள் அந்தக் காகிதத்தின் நேர் வாரிசு.

பட்டறையில் பாய்மரத்தின் அடிப்பாகத்தையும் ஒருமுறை குனிந்து பார்த்தோம். தண்ணீர் வடியும் துளை அடைத்திருந்தால் உப்புநீர் அங்கேயே தேங்கும். ஒரு குச்சியால் குத்திவிட்டால் போதும். கடலுக்குப் போய்வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுவதும் அப்படித்தான், செலவே இல்லாத வைத்தியம்.

படகுத்துறைப் பக்கம் போனால் பாயைப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடம் மரத்தின் அருகிலும் போங்கள். தகட்டின் ஓரத்தில் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ நூல் போல் ஒரு பசைக்கோடு இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அந்தப் படகுக்காரருக்கு என் சார்பில் ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள்.