பதநீரும் கள்ளும்: பனைச்சாறு குறித்த சட்ட எல்லை, உத்திரமேரூரை முன்வைத்து

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் உள்ள முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகவே பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. அவற்றில் வாரியத்திற்குத் தகுதியற்றோர் வரிசையில் ஐம்பெரும் பாதகங்களுள் முதல் நான்கைச் செய்தோரும் இடம்பெறுகின்றனர். தருமநூல் மரபில் மதுவுண்ணல் அந்நான்கனுள் ஒன்று. இவ்விலக்கு அருந்துவோரைப் பற்றியது. மது இறக்குவோரைச் சட்டம் எவ்வாறு நோக்கியது என்பதற்கு வேறு சான்றுகளை நாட வேண்டியுள்ளது. இக்கட்டுரை அவ்வினாவைப் பனைச்சாற்றின் வழியே ஆராய முனைகிறது.

ஏறுவோர் மீதான விதி

பல்லவ, சோழர் காலப் பிரமதேயக் கொடைச் செப்பேடுகள் சிலவற்றில், கொடையூரின் தெங்கிலும் பனையிலும் ஈழவர் ஏறலாகாது என்னும் விதி காணப்படுகிறது. கள்ளிறக்குவோரிடம் பெற்ற ஈழப்பூட்சி என்னும் வரியும் அக்கால ஆவணங்களில் பதிவாகியுள்ளது. ஓரிடத்தில் தடை, பிறிதோரிடத்தில் வரி. இரண்டிலும் சட்டத்தின் கை படுவது குடத்தின் மீதன்று, மரமேறுபவர் மீதே என்பது கருதத்தக்கது. உத்திரமேரூரும் சதுர்வேதிமங்கலமாக விளங்கிய ஊராதலின், இவ்விதி வழங்கிய நில அமைப்பைச் சார்ந்ததே.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஆப்காரி முறை மரவரியாக இதனைத் தொடர்ந்தது. 1937 அக்டோபர் 1 அன்று இராசாசி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது வரி தடையாயிற்று. 1971இல் விலக்குத் தளர்ந்தது. 1973இல் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 1981இல் மீண்டும் திறக்கப்பட்டன. 1987 சனவரி 1 முதல் கள் தடை இன்றுவரை நீடிக்கிறது. பனை தமிழ்நாட்டின் மாநில மரம் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

கலயமும் சுண்ணாம்பும்

தடைக்குள் ஒரு வாயில் உண்டு. பதநீர் இறக்கச் சட்டம் இடமளிக்கிறது. 2017இல் தென்னையிலிருந்து நீரா இறக்கவும் அரசு விதிகள் வகுத்தது. பாளை ஒன்று, சீவும் அரிவாள் ஒன்று, வடியும் சாறும் ஒன்றே. வேறுபாடு கலயத்தின் உட்புறம் தடவப்படும் சுண்ணாம்பில் உள்ளது. சுண்ணாம்பு சாற்றின் காரத்தன்மையை உயர்த்தி நொதியங்களின் செயலைத் தடுக்கிறது. அது இல்லையேல் சில மணி நேரத்தில் சாறு புளித்து, ஏறத்தாழ 4 முதல் 6 விழுக்காடு ஆல்ககால் கொண்ட கள்ளாகிறது. மேலும் வைத்தால் காடியாகிறது.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. நொதித்தல் படிப்படியாக நிகழும் ஒன்று. குற்றமோ ஒரு கணத்தில் நிகழ்ந்ததாகக் கொள்ளப்படுவது. ஏரிக்கரைப் பனையில் விடியற்காலையில் கலயத்தை இறக்குபவர், வெயில் ஏறுமுன் அதனை விற்றாக வேண்டும். சுண்ணாம்பு மிகுந்தால் பதநீரின் சுவை கெடும், வாங்குவோர் முகஞ்சுளிப்பர். குறைந்தால் சாறு புளித்துச் சட்டத்தின் பிடிக்குள் செல்லும். ஆக, சந்தையும் சட்டமும் பனையேறியை எதிரெதிர்த் திசைகளில் இழுக்கின்றன.

கேரளத்தின் ஆப்காரிச் சட்டம் இவ்விடரை வேறு விதமாகக் கடக்கிறது. புளித்த சாறு, புளிக்காத சாறு இரண்டையும் அது கள் என்றே வரையறுத்து, இரண்டையும் உரிமத்தின்கீழ்க் கொண்டுவருகிறது. அங்கே எழும் வினா, மரத்திற்கு வரி செலுத்தப்பட்டதா, இறக்குபவருக்கு உரிமம் உண்டா என்பதே. அங்குள்ள கள் தொழிலாளர்களுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நலநிதியும் உள்ளது.

விற்பவர் யார்?

இந்திய அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மது மாநிலப் பட்டியலில் உள்ளது. மது வணிகம் அடிப்படை உரிமையாகாது என உச்ச நீதிமன்றம் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் (1994) தெளிவாக்கியது. எனவே கள்ளிறக்கும் உரிமை கோருவோர்க்கு அரசமைப்பு வழியிலான வாதம் மெலிந்ததே. எனினும், 1983இல் நிறுவப்பட்ட டாஸ்மாக் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தனியுரிமையாக நடத்துகிறது. அதன் கடைகளில் கிடைக்கும் மதுவகைகளில் 42.8 விழுக்காடு ஆல்ககால் கொண்டவை வழக்கமானவை. விற்பனையாளருக்கும் வரம்பு வகுக்கப்படாமல் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பாலு வழக்கில் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் தொலைவு என 2016 டிசம்பர் 15 அன்று விதித்த உச்ச நீதிமன்றம், 2017 மார்ச் 31 அன்று 20,000 அல்லது அதற்குக் குறைந்த மக்கள்தொகை கொண்ட உள்ளாட்சிப் பகுதிகளுக்கு அதனை 220 மீட்டராகக் குறைத்தது. கடைக்கான தொலைவு நான்கு மாதங்களுக்குள் மறுஆய்வுக்கு உட்பட்டது. பாளைக்கான தடை முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கும் மேலாக அசையவில்லை.

கள்ளுக்கு எதிராக முன்வைக்கப்படும் கலப்பட வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. குளோரல் ஹைட்ரேட் கலந்த கள் பிற மாநிலங்களில் கேடு விளைவித்துள்ளது. ஆனால் கலப்படம் மரத்தில் நிகழ்வதன்று, இறக்கியபின் நிகழ்வது. அதனைக் கண்டறிய வேண்டிய இடம் விற்பனைக் கலம். கள்ளக்குறிச்சியில் 2024 சூனில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைப் பறித்த நஞ்சு மெத்தனால். அது எந்தப் பாளையிலிருந்தும் வடிந்ததன்று. அதன்பின் மதுவிலக்குச் சட்டத்தின் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. அத்திருத்தத்திற்குப் பின்னரும் பதநீர் இறக்குபவரின் நிலை, கலயத்தில் எவ்வளவு சுண்ணாம்பு தடவினார் என்பதையே சார்ந்துள்ளது.