கடன் கொப்பியில் பதினொரு தட்டு

எங்கள் வீட்டு அலுமாரியில் எழுபது எண்பது இசைத்தட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பாதி எங்களுடையவை அல்ல. உறைகளில் வேறு வேறு கையெழுத்தில் வேறு வேறு பெயர்கள்; சிலவற்றில் பெயரோடு தோட்டம், டிவிஷன், லய இலக்கமும் உண்டு. மலைநாட்டில் இசைத்தட்டு எப்படிக் கைமாறியது என்று யாரும் கேட்டால் முதலில் இந்த உறைகளைத்தான் காட்டுவேன்.

ஹட்டன் பஜாரில் வாப்பாவுக்குச் சில்லறைக் கடை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடையின் பின்னறையில் கிராமபோனைத் திறப்பார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர், ரயில் நிலையத்தில் வேலை செய்த சிங்கள மாத்தயா ஒருவர், பக்கத்துத் தையல்கடை நானா, இவர்கள்தான் வழக்கமான ஆட்கள். வருகிறவர் ஒரு தட்டாவது கொண்டுவர வேண்டும். போகும்போது இன்னொருவருடையதைக் கொண்டுபோகலாம். "நானா, இது அடுத்த சம்பளம் வரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்" என்பார் கணக்கப்பிள்ளை. வாப்பா கடன் கொப்பியைத் திறந்து, அரிசி, மாவுக் கணக்குக்குக் கீழேயே அதையும் எழுதிக்கொள்வார்.

இப்படிப் பகிர்ந்ததற்குப் பெரிய மனது மட்டும் காரணமல்ல. அன்றைய தட்டின் அமைப்பே அப்படி. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கொள்ளும். ஒன்றை வாங்கினால் இரண்டு பாட்டு. மூன்றாவது பாட்டுக்கு அடுத்தவர் வீட்டுக்குத்தான் போக வேண்டும். ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் பெரிய தட்டு 1948இலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. ஆனால் லயத்தில் மின்சாரம் ஏது? சாவி கொடுத்துச் சுற்றும் பெட்டிக்கு 78தான் பொருந்தும். நாங்கள் மட்டும் பின்தங்கியிருந்தோம் என்று நினைக்க வேண்டாம். மேல்நாடுகள் 78ஐக் கைவிட்ட பிறகு, 1960களில் இந்தியாவில் பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட 78இல் அச்சிட்டார்கள். பிறகு 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. பருப்புக்கே வழியில்லாத காலத்தில் இந்தியத் தட்டு எங்கிருந்து வரும்? காலையில் இலங்கை வானொலி 'பொங்கும் பூம்புனல்' போட்டு ஆசையைக் கிளப்பிவிடும்; அந்த ஆசையைத் தீர்க்க இருக்கிற தட்டுகளையே சுற்றிவிட வேண்டியிருந்தது.

எங்கட பக்கத்திலிருந்து அதிகம் போனது நாகூர் ஹனீபா. இசை ஆகுமா ஆகாதா என்ற வழக்கை நான் இங்கே எடுக்கவில்லை. சினிமாத் தட்டை வாசலுக்குள் விடாத வீடுகளிலும் ஹனீபாவுக்கு இடம் இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். அவர் 'பாவ மன்னிப்பு' (1961) படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடியது, அந்த வீடுகளில் சினிமாவுக்கும் ஒரு சின்னக் கதவைத் திறந்துவிட்டது. கணக்கப்பிள்ளை ஹனீபாவின் தட்டொன்றைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கொண்டுபோய், ஒலிபெருக்கிக்காரர் அதைப் போட்டும் இருக்கிறார்.

மாத்தயா கொண்டுவருவது பெரும்பாலும் முகைதீன் பேக். 1919இல் சேலத்தில் பிறந்து, சிறுவயதில் கொழும்புக்கு வந்து, சிங்களப் பாட்டிலும் பௌத்த பக்திப் பாட்டிலும் நிலைத்துவிட்ட முஸ்லிம் பாடகர். "இவர் உங்கட ஆள்தானே" என்று மாத்தயா வாப்பாவைப் பார்ப்பார். "பாட்டெல்லாம் உங்கட பாட்டு, அப்ப உங்கட ஆள்" என்பார் வாப்பா. கணக்கப்பிள்ளை விட மாட்டார்: "சேலத்துக்காரருன்னா எங்க ஊரு ஆளுல்ல!" அந்த வழக்கு ஒருநாளும் தீர்ந்ததில்லை.

அதைத் தீர விடாமல் குலைத்தது வேறு விஷயம். 1964 ஒக்டோபரில் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவாகியிருந்தது. ஹட்டனிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர். கணக்கப்பிள்ளை குடும்பத்துக்கும் முறை வந்தது. இரவல் வாங்கிய தட்டுகளையெல்லாம் திருப்பித் தந்துவிட்டு, தன்னுடைய பதினொன்றையும் கடை மேசையில் வைத்தார். அரக்குத் தட்டு டிரங்குப் பெட்டியில் ராமேஸ்வரம் போய்ச் சேருமுன் நொறுங்கிவிடும். "எடம் புடிச்சதும் கடுதாசி போடுறேன் நானா. தோதா யாராவது வந்தா குடுத்து விடுங்க." கூடலூரிலிருந்து ஒரு கடிதம் வந்தது, இந்த இடம் நிரந்தரமில்லை, வேறு விலாசம் எழுதுகிறேன் என்று. அடுத்த கடிதம் வரவில்லை.

இனி, இப்படிப்பட்ட தட்டு உங்கள் வீட்டில் இருந்தால் கவனிக்க வேண்டியவை. எங்கள் குளிரும் ஈரமும் தட்டில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். அதைத் துடைக்க ஸ்பிரிட் எடுக்காதீர்கள். 78 தட்டுகள் பெரும்பாலும் அரக்கு கலந்து செய்தவை. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும், பாட்டும் கூடவே போய்விடும். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மெல்லிய துணியால், பள்ளம் போகும் போக்கிலேயே துடைத்து உடனே உலர்த்துங்கள். நடுவிலுள்ள காகிதத்தில் ஈரம் படக்கூடாது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓடும் தட்டுக்குரிய ஊசியால் 78ஐப் போடாதீர்கள். 78இன் பள்ளம் அகலம், அதற்குத் தடித்த ஊசி வேண்டும். பழைய உருக்கு ஊசியென்றால் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பதுதான் கணக்கு. எங்கள் பின்னறையில் ஒரே ஊசியை ஒரு கிழமை ஓட்டியிருக்கிறோம், அதன் கீறல் இன்றைக்கும் கேட்கிறது.

போன வருடம் என் மகன் கிழிந்த உறைகளையெல்லாம் எறிந்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்றான். புதிய உறை போட்டோம், பழையதையும் அதற்குள்ளேயே வைத்தோம். பெயர் அதில்தானே இருக்கிறது. வாப்பா மௌத்தாகும்வரை கடன் கொப்பியில் அந்த வரியைக் கோடு போட்டு வெட்ட விடவில்லை. 'கணக்கப்பிள்ளை, 11 தட்டு, கொடுக்க வேண்டியது.'

கூடலூர், கோத்தகிரிப் பக்கம் இந்த இதழைப் படிக்கிறவர் யாரும் இருந்தால், ஹட்டனிலிருந்து போன குடும்பங்களில் பாட்டுப் பைத்தியமான ஒரு கணக்கப்பிள்ளையைப் பற்றி விசாரித்துச் சொல்லுங்கள். பதினொன்றும் இருக்கின்றன. ஒன்றின் விளிம்பு மட்டும் சற்று உடைந்திருக்கிறது. அது பத்து வயதில் என் கைத்தவறு.