பாஸா, டிக்கெட்டா? ஐரோப்பிய ரயிலுக்கு ஒரு வீட்டுக் கணக்கு

பெண்ணின் பிரசவத்துக்கு ம்யூனிக், பிள்ளையின் புதுக்குடித்தனத்தைப் பார்க்க ஆம்ஸ்டர்டாம் என்று நம் பெண்மணிகள் கிளம்புவது இப்போது அதிசயமில்லை. விடுமுறையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பாரிஸ், சுவிட்சர்லாந்து, ரோம் என்று ஒரு சுற்றுப் போய்வருகிற குடும்பங்களும் உண்டு. விமான டிக்கெட்டுக்கு நாலு இடத்தில் விசாரிக்கிறோம். அங்கே இறங்கிய பிறகு ஊருக்கு ஊர் போகிற ரயில் செலவை மட்டும், "பாஸ் வாங்கிடுங்க, எல்லாம் அதுலயே அடங்கிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு முடித்துவிடுகிறோம். எல்லாம் அதில் அடங்குவதில்லை என்பதுதான் விஷயம். நாலு பேர் போகிற குடும்பத்துக்கு இதில் ஏறுகிற இறங்குகிற தொகை, இங்கே ஒரு மாதக் குடும்பச் செலவைத் தொட்டுவிடக்கூடும்.

முதலில் பாஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நம் ஊர் சீசன் டிக்கெட் மாதிரிதான். ஆனால் ஒரே பாதைக்கு இல்லை, பல தேசங்களுக்கு. ஐரோப்பாவுக்கு வெளியே குடியிருப்பவர்கள் வாங்குவது யூரெயில் பாஸ். 1959-ல் 13 நாடுகளோடு ஆரம்பித்தது, இன்று 33 நாடுகளில் செல்லும். அங்கேயே குடியிருப்பவர்களுக்கு இன்டர்ரெயில் என்று வேறு பாஸ். ஆக, சென்னையிலிருந்து போகிற அம்மாவுக்கு ஒரு பாஸ், ஜெர்மனியில் வேலை பார்க்கிற பிள்ளைக்கு இன்னொரு பாஸ். பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதில்லை, குடியிருப்பு எங்கே என்பதுதான் கணக்கு. இன்டர்ரெயிலில் இன்னொரு சங்கதி: சொந்தமாகக் குடியிருக்கும் நாட்டுக்குள் வெளியே போக ஒரு நாள், திரும்பி வர ஒரு நாள், அவ்வளவுதான் செல்லும். பிள்ளையும் நம்மோடு ஜெர்மனி முழுக்கச் சுற்றலாம் என்று நினைத்தால் நடக்காது.

பாஸில் இரண்டு தினுசு. ஒன்று, இத்தனை நாள் என்று தொடர்ச்சியாகச் செல்வது. மற்றது, ஒரு மாதத்துக்குள் நமக்கு இஷ்டமான 4 நாள், 5 நாள், 7 நாள் என்று பிரித்து வைத்துக்கொள்வது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இரண்டாவதுதான் சரி. தினமும் ரயிலேற யாருக்குத் தெம்பு இருக்கிறது? ஓர் ஊரில் மூன்று நாளாவது தங்கி, துணி துவைத்து, குழந்தைக்கு ஒரு ரசம் சாதம் வைத்துக் கொடுத்தால்தான் உடம்பு தாங்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். விலை அடிக்கடி மாறும், அதனால் முறையை மட்டும் சொல்கிறேன். 5 நாள் பாஸ் 300 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 60 யூரோ ஆகிறது. ரயிலேறப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் தனி டிக்கெட் என்ன விலை என்று பார்த்து எதிரே எழுதுங்கள். மிலானிலிருந்து வெனிஸுக்கு இரண்டரை மணி நேரம். சில வாரங்கள் முன்னதாக வாங்கினால் பல சமயம் 60-ல் பாதிகூட ஆகாது. ஃப்ளாரன்ஸிலிருந்து பைசா கோபுரம் பார்த்துவர சாதாரண ரயிலே போதும். எப்போது வாங்கினாலும் அதே விலை, போவதற்குப் பத்து யூரோ அளவில் முடிந்துவிடும். இதற்குப் போய் பாஸில் ஒரு நாளைச் செலவழிக்கலாமா? அதே சமயம், ம்யூனிக்கிலிருந்து வியன்னாவுக்கு அன்றைக்கு அன்றே டிக்கெட் வாங்கினால் 60-ஐத் தாண்டிவிடும். அங்கே பாஸ் ஜெயிக்கிறது.

இத்தோடு நின்றால் சுலபம். பலரும் விட்டுவிடுவது ரிசர்வேஷன் கட்டணத்தை. பாஸ் கையில் இருந்தாலும் ஃபிரான்ஸின் அதிவேக ரயில்கள், இத்தாலி, ஸ்பெயினின் அதிவேக ரயில்கள், லண்டன் போகிற யூரோஸ்டார் எல்லாவற்றுக்கும் கட்டாயம் இடம் பதிவு செய்ய வேண்டும், அதற்குத் தனியாகக் காசு. இத்தாலியில் தலைக்குச் சுமார் 13 யூரோ, ஃபிரான்ஸ் உள்நாட்டு ரயிலில் சுமார் 10 முதல் 20, லண்டன்–பாரிஸ் யூரோஸ்டாரில் 30-க்கு மேல். 4 முதல் 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பாஸ் இலவசம் என்று போட்டிருப்பார்கள். ஒரு பெரியவருக்கு இரண்டு குழந்தைகள் வரை உண்மையிலேயே இலவசம்தான். ஆனால் ரிசர்வேஷன் கட்டணம் குழந்தைக்கும் உண்டு! நாலு பேர், நாலு அதிவேக ரயில், தலைக்கு 13 என்றால் 208 யூரோ. இலவசம் என்ற வார்த்தையைப் பார்த்தவுடன் நாம் கூட்டல் போடுவதை நிறுத்திவிடுகிறோம், புடவைக் கடையிலும் இப்படித்தான்.

போதாததற்கு, யூரோஸ்டாரிலும் ஃபிரெஞ்சு ரயில்களிலும் பாஸ்காரர்களுக்கு என்று ஒதுக்கியிருப்பது கொஞ்ச இடம். கோடையில் அது சீக்கிரம் தீர்ந்துவிடும். "நினைத்தபோது ஏறலாம்" என்பதற்காகப் பாஸ் வாங்கி, ஏற முடியாமல் நிற்பதா?

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், நெதர்லாந்து பக்கம் நிலைமை வேறு. அங்கே உள்நாட்டு ரயில்கள் பெரும்பாலானவற்றில் ரிசர்வேஷன் கட்டாயமில்லை. காலையில் மழையா, இன்னும் ஒரு மணி நேரம் தூங்கிவிட்டு அடுத்த ரயிலில் போகலாம். குழந்தைக்கு வயிறு சரியில்லையா, நாளைக்குப் போகலாம். பாஸின் அருமை அங்கேதான் தெரியும். மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். நம் தாமதத்தால் அதை விட்டால் டிக்கெட் போயிற்று. கைக்குழந்தையும் முழங்கால் வலிக்கார மாமியாருமாகப் போகிறவர்கள் இந்த வித்தியாசத்துக்கு ஒரு விலை போட்டுத்தான் ஆக வேண்டும். ஒன்று மட்டும்: கட்டாயமில்லை என்றாலும் வெள்ளி, ஞாயிறு மாலைகளில் ஜெர்மன் ரயிலில் கூட்டம் நெரியும். பெரியவர்களோடு போகும்போது இடம் பதிந்துகொள்வது நல்லது.

ஜெர்மனியில் தனி டிக்கெட்டிலும் ஒரு சலுகை உண்டு. 6 முதல் 14 வயதுக் குழந்தைகள் பெரியவர்களோடு போனால் நெடுந்தூர ரயிலில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வாங்கும்போதே குழந்தைகளின் எண்ணிக்கையை டிக்கெட்டில் ஏற்றிவிட வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே அதுகூட வேண்டாம்.

சுவிட்சர்லாந்துக்கு மட்டும் தனிக் கணக்கு. அங்கே மட்டுமே ஒரு வாரம் இருப்பதாக இருந்தால் சுவிஸ் ட்ராவல் பாஸைப் பாருங்கள். ரயிலோடு பஸ், ஏரிப் படகு, நகரங்களின் டிராம், ஐந்நூறுக்கு மேற்பட்ட மியூசியங்கள் எல்லாம் அதில் சேர்த்தி. யூரெயிலில் மெட்ரோவும் டவுன் பஸ்ஸும் பொதுவாகச் சேராது. 6 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் பெற்றோருடன் ஃபேமிலி கார்டில் இலவசமாகவே வரலாம். கேட்டு வாங்க வேண்டும். எல்லோரும் ஆசைப்படுகிற யுங்ஃப்ராவ் சிகரப் பாதை, 3,454 மீட்டர் உயரத்து ஸ்டேஷன், முழுவதும் இதில் வராது. கிரிண்டல்வால்ட் வரைதான் பாஸ், அதற்கு மேலே 25 சதவிகிதத் தள்ளுபடி. ஒரு மாதத்துக்குப் பாதிக் கட்டணம் என்று ஹாஃப் ஃபேர் கார்டு ஒன்று இருக்கிறது, அதில் இந்த மலை ரயிலும் பாதி விலை. ஒரே இடத்தில் தங்கி இரண்டு மூன்று மலை மட்டும் ஏறுகிறவர்களுக்கு அதுவே கட்டுபடியாகும்.

விசாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரையால் பிரயோஜனமில்லை. மலிவு டிக்கெட் வேண்டுமென்றால் முன்னதாக வாங்க வேண்டும். ஆனால் நமக்கு ஷெங்கன் விசா எப்போது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. மிக மலிவான டிக்கெட்டுகளுக்குப் பெரும்பாலும் பணம் திரும்பாது. என் நாத்தனார் குடும்பத்துக்கு, புறப்படுவதற்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. அந்த ஒரு வாரம் அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வராமலே போயிருந்தால் வாங்கி வைத்த டிக்கெட் எல்லாம் வீண்தான். யூரெயில் பாஸை, சலுகை விலையில் வாங்காமல் சாதாரண விலையில் வாங்கி, உபயோகிக்க ஆரம்பிக்காமலே திருப்பிக் கொடுத்தால் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். என் அபிப்பிராயம், விசா வரும்வரை தனி டிக்கெட் வாங்காதீர்கள். கடைசி நேரத்தில் விலை ஏறியிருந்தால் அப்போது பாஸையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள். லண்டனுக்கு ஷெங்கன் விசா செல்லாது, அதற்கு பிரிட்டிஷ் விசா வேறு.

பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ள இரண்டு மூன்று மாதம் போகிறவர்களுக்குப் பாஸே வேண்டாம் என்பேன். இருக்கும் ஊரைச் சுற்றியுள்ள பகல் நேரச் சலுகை டிக்கெட் போதும். ம்யூனிக்காக இருந்தால் பயர்ன் டிக்கெட் என்று ஒன்று. ஐந்து பேர் வரை சேர்ந்து வாங்கி ஒரு நாள் முழுக்க அந்த மாநிலத்துச் சாதாரண ரயில்களில் போகலாம், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைகூட. வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். நமக்கும் சமையல் முடிந்து கிளம்ப அது தோதான நேரம்தான்! லக்ஸம்பர்க் போனால் இன்னும் விசேஷம், 2020 மார்ச் முதல் நாடு முழுக்க இரண்டாம் வகுப்பு ரயிலும் பஸ்ஸும் எல்லோருக்கும் இலவசம்.

பாஸ் வாங்குவதென்று முடிவானால், 12 முதல் 27 வயதுக்காரர்களுக்கும் 60 தாண்டியவர்களுக்கும் விலை குறைவு என்பதால் ஒவ்வொருவர் வயதையும் சரியாகக் கொடுங்கள். பாஸ் இப்போது கைபேசியில்தான் வருகிறது, போகிற ரயிலை அதில் ஏறுமுன்பே சேர்த்துவிட வேண்டும்; சார்ஜ் தீர்ந்துவிட்டால் சங்கடம். கூடவே அசல் பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும், பரிசோதகர் கேட்பார். ஒரு பயண நாள் என்பது நள்ளிரவிலிருந்து மறு நள்ளிரவு வரை. வியன்னாவிலிருந்து ரோமுக்கு இரவு ரயில் ஏறினால், நள்ளிரவுக்குப் பின் வண்டி மாறாதவரை புறப்பட்ட நாள் ஒன்றுதான் கழியும். படுக்கைக்கு மட்டும் தனிக் கட்டணம். ஓட்டலில் ஓர் இரவு மிச்சம். இத்தாலியில் சாதாரண ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுமுன் பிளாட்பாரத்தில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை போட வேண்டும், இல்லாவிட்டால் அபராதம்.

பெட்டி தூக்கப் போர்ட்டர் எங்கேயும் தேடாதீர்கள், இருக்கமாட்டார். ஆளுக்கொரு சின்னப் பெட்டி, உருளை வைத்தது. புளியோதரை தாராளமாகக் கொண்டுபோகலாம், ரயிலில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.